பயணத்துக்கு அடுப்பு எதற்கு?

மே மாதம் வந்தால் போதும், என் கிளினிக்கில் 'மெட்ராஸ் கேஸ்'கள் வரத் தொடங்கிவிடும். இது நானாக வைத்த பெயர். நாகர்கோவிலில் இருந்து காரில் கிளம்பி, சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த் திரும்பிய குடும்பங்கள். பிள்ளைக்கு வாந்தி, தாத்தாவுக்கு வயிற்றுப்போக்கு, அப்பாவுக்கு நெஞ்செரிச்சல். அம்மாவுக்கு? அம்மாவைப் பற்றி யாரும் வாயே திறக்க மாட்டார்கள். நானாகக் கேட்டால்தான், "ஒண்ணுமில்ல டாக்டர், ரெண்டு நாளா மண்டையிடி" என்று மெதுவாக வரும்.

போன கோடையில் அப்படி வந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"வெளுப்பான் காலம் நாலு மணிக்கு."

"நீங்க எப்ப எழுந்தீங்க?"

சிரித்துவிட்டார். "எங்க தூங்கினேன்? ஒரு மணிக்கே அடுப்பப் பத்த வச்சாச்சு. அறுபது இட்லி, தேங்காய்ச் சட்னி, புளிச்சோறு, தயிர்சாதம், மாமாவுக்குத் தனியா சப்பாத்தி... எல்லாம் செய்யணும்லா?"

செய்யணுமா? அதைத்தான் இங்கே கேட்கிறேன். ராத்திரி முழுக்கக் கண்விழித்து, அடுப்புச் சூட்டில் நின்று, வெறும் காப்பியோடு வண்டியில் ஏறுகிற பெண்ணுக்குக் காவல்கிணறு தாண்டும்போதே தலை சுற்றாமல் என்ன செய்யும்? அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய சாப்பாடுதான் கடைசியில் பிள்ளையை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாகர்கோவிலில் இருந்து சென்னை சுமார் 700 கிலோமீட்டர். நாலு வழிச்சாலைதான் என்றாலும், நிறுத்தி நிறுத்திப் போனால் 12 மணி நேரம். ராத்திரி 2 மணிக்கு வடித்த சோற்றை, பெரம்பலூர் பக்கம் மரநிழலில் வண்டியை ஓரங்கட்டித் திறக்கும்போது பகல் 12 ஆகியிருக்கும். பத்து மணி நேரப் பழைய சோறு! அரிசியில் 'பாசில்லஸ் சீரியஸ்' என்றொரு கிருமி உண்டு. அதன் வித்து கொதிக்கிற உலையிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு வந்த பிறகு, சோற்றை மறுபடி சுட வைத்தும் பிரயோசனம் இல்லை. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி. 'கார் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் சொல்லும் வாந்திகளில் சில, உண்மையில் தயிர்சாதம் ஒத்துக்கொள்ளாத வாந்தி.

"ஹாட்பேக்கில்தானே டாக்டர் வச்சிருந்தோம்?" என்பார்கள். அங்கேதான் வினையே! 60 டிகிரிக்கு மேல் சூடு நின்றால் கிருமி வளராது. நம் ஹாட்பேக் அந்தச் சூட்டை இரண்டு மூன்று மணி நேரம் பிடித்து வைத்தாலே பெரிது. பிறகு இளஞ்சூடு. கோழி முட்டைக்கு அடைகாப்பது போல் கிருமிக்கு நாம் அடைகாக்கிறோம்.

நம் முன்னோர் கட்டுச்சோறு கட்டவில்லையா என்று கேட்கலாம். கட்டினார்கள். திருச்செந்தூருக்கு வண்டி பூட்டிப் போனவர்கள் புளிச்சோறுதான் கொண்டு போனார்கள். புளியும் நல்லெண்ணெயும் கெடுவதைத் தாமதப்படுத்தும். சோற்றை விரித்து நன்றாக ஆறவிட்டு, இலையில் பொதிந்து, காற்றாடும் ஓலைப்பெட்டியில் வைத்தார்கள். வெயிலில் பூட்டிய காருக்குள், மூடிய டப்பாவில் வைக்கவில்லை. தேங்காய்ச் சட்னியை அவர்கள் ஊர் எல்லை தாண்ட விட்டதும் இல்லை. தேரையரின் நோயணுகா விதியும், முந்தின நாள் சமைத்த கறி எத்தனை ருசியானாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. புளிச்சோற்றுக்கு நான் விரோதி இல்லை. ஒரு வேளைக்கு, அதுவும் காலைக்குள் முடித்துவிடுவதாக இருந்தால், தாராளமாகக் கட்டுங்கள்.

மற்ற வேளைக்கு? அடுப்பே பற்ற வைக்க வேண்டாம் என்கிறேன். நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்கு இது ஒரு கஷ்டமா?

முதலில் அவல். நெல்லை நனைத்து, வறுத்து, இடித்துத்தான் அவல் வருகிறது. ஆக அது ஏற்கெனவே வெந்த பண்டம். ஈரம் இல்லாததால் கெடாது. சிவப்பு அவலாகப் பார்த்து வாங்குங்கள். சாப்பிடப் போகும் இடத்தில், நல்ல குடிதண்ணீரைத் தெளித்துக் கால்மணி நேரம் மூடி வையுங்கள். கெட்டி அவலுக்குத் தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூட வேண்டும். பொடித்த கருப்பட்டி, ஒரு சிட்டிகை ஏலம், இரண்டு மட்டிப்பழம். கை நன்றாகக் கழுவிப் பிசைந்தால் ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு ஆயிற்று. இனிப்பு பிடிக்காதவர்களுக்கு எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு, வறுத்த கடலை. ஆறு பேர் குடும்பத்துக்கு முக்கால் கிலோ அவல் தாராளம். தேங்காயை வீட்டிலேயே துருவி எடுத்துப் போகாதீர்கள், வெயிலில் சீக்கிரம் ஊசிப்போகும். முழுத் தேங்காயாகக் கொண்டு போய், அங்கே உடைத்து, சில்லு போட்டுக் கடித்துக் கொள்ளுங்கள்.

மட்டிப்பழத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை அதிகம், மன்னிக்கவும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் மாவட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கு முதலில் ஊட்டும் பழமே அதுதான். தோலோடு இருக்கும் பழத்துக்கு மேல் சுத்தமான பொட்டலம் யார் கட்ட முடியும்? முழுக்கக் கனிந்ததை வாங்கினால் மதுரைக்குள் நசுங்கிவிடும். பாதி கனிந்த சீப்பாக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொண்டு போங்கள். மட்டி கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் அங்கே கிடைக்கும் பழம் எதுவானாலும் வாங்கலாம்.

மீதியை வழி கொடுக்கும். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு, கோடையில் சாலையோர நுங்கு. வெள்ளரியைக் கீறி மிளகாய்ப்பொடி தூவித் தரச் சொல்லாமல், முழுசாக வாங்கி உங்கள் தண்ணீரில் கழுவுங்கள். நுங்கு கண்ணெதிரே சீவியதாக இருக்கட்டும். நறுக்கி வைத்த பப்பாளி, தர்ப்பூசணி பக்கமே போக வேண்டாம். 'இயற்கை உணவு' என்று முளைகட்டிய பயறைப் பையில் கொண்டுபோகிறவர்களும் உண்டு. வீட்டில் நல்லதுதான். ஆனால் ஈரமும் வெயிலும் சேர்ந்தால் பயறோடு கிருமியும் முளைக்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஓடும் வண்டியில் நிலக்கடலை, பொரிகடலை, தேங்காய்ச் சில்லு கொடுக்காதீர்கள். ஒரு பிரேக் போட்டால் போதும், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு மட்டிப்பழம், நன்றாக ஊறிய அவல். அதுவும் வண்டியை நிறுத்திய பிறகு. குமட்டல் வரும் பிள்ளையை முழு வயிற்றோடும் ஏற்றாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். இஞ்சித் துண்டு சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. நான் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தச் சித்த வைத்தியர் கருப்பட்டியை அனுமதிப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். அவர்கள் அவலை அளவாக, எலுமிச்சை, கடலை, வெள்ளரியோடு சாப்பிடட்டும். ஆனால் மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு, 'அடுத்த ஊரில் பார்த்துக்கலாம்' என்று சாப்பாட்டைத் தள்ளவே கூடாது. அப்படித் தள்ளி, வியர்த்துக் கை நடுங்கினால், அந்த நேரத்தில் கருப்பட்டித் துண்டு ஒன்றை உடனே வாயில் போடலாம். அதற்காகவாவது பையில் இருக்கட்டும்.

காரோட்டுகிறவருக்கும் இந்தச் சாப்பாடு நல்லது. மத்தியானம் வயிறு நிறைய சாம்பார், ரசம், பாயசம் என்று முடித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தால், இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையே கண் சொருகும். அது இயற்கை. ஒரு வேளை சூடாகச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால், கூட்டம் அலைமோதும் ஹோட்டலில், ஆவி பறக்கும் இட்லியாகச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் செய்வது பெரிய தப்பு. வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பயந்து, காலையிலிருந்து ஒரு மடக்குகூடக் குடிப்பதில்லை. மூத்திரத்தை அடக்காதே என்பது எங்கள் மருத்துவத்தில் பாலபாடம். அடக்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் திரும்பி வந்த மூன்றாம் நாள் எரிச்சலோடு என்னிடம் வந்து சொல்கிறார்கள். இதில் குற்றம் அவர்கள்மேல் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க்காகப் பார்த்து, யாரும் கேட்காமலே வண்டியை நிறுத்துவது ஆண்களின் வேலை.

திரும்பி வரும்போது சம்பந்தி வீட்டில் பிரியமாகக் கட்டிக் கொடுக்கும் தயிர்சாதத்தை எப்படி மறுப்பது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதற்குச் சித்த மருத்துவத்தில் மருந்து இல்லை. வாங்கி வைத்துக்கொண்டு, திண்டிவனம் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.