லீனா எழுதிய லீனா



கட்டடக் கலை படித்தவர்களிடம் லீனா லோஸ் என்றால் ஒரு படுக்கையறையைத்தான் சொல்வார்கள். நவீனக் கட்டடக் கலையின் முன்னோடி அடால்ஃப் லோஸ், வியன்னாவில் தம் இளம் மனைவிக்காக அமைத்த அறை அது. சுவரைச் சுற்றிலும் வெள்ளைத் திரைச்சீலை. தரையெல்லாம் வெள்ளை ரோம விரிப்பு. கட்டிலின் அடிப்பாகத்தையும் அது மூடியிருந்தது. 1903இல் ‘என் மனைவியின் படுக்கையறை’ என்ற தலைப்போடு அதன் புகைப்படம் ஒரு கலை இதழில் வந்தது. படத்தில் அறை இருக்கிறது, மனைவி இல்லை. அவரைத் தேடிப் படித்ததில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

1882இல் வியன்னாவில் பிறந்தவர் லீனா. பெற்றோர் மரியாஹில்ஃபர் வீதியில் காபிக் கடை நடத்தினார்கள். எழுத்தாளர்களும் கலைஞர்களும் கூடியிருந்த ஒரு மேசையில், லோஸ் காட்டிய ரஷ்ய சிகரெட் பெட்டியைத் திறக்கப்போய் உடைத்துவிட்டார். ஈடாக என்ன செய்யட்டும் என்று கேட்க, என்னை மணந்துகொள்கிறாயா என்றார் லோஸ். லீனா உடனே சம்மதித்துவிட்டார். 1902இல் திருமணம், அவருக்கு 19 வயது, லோஸுக்கு 31. மூன்றே ஆண்டுகளில் மணவிலக்கு.

இதற்கிடையே, லீனாவைக் காதலித்த ஓர் இளைஞர் 1904இல் உயிரை மாய்த்துக்கொண்டார். வியன்னா வாய் ஓயாமல் பேசியது. நாடகாசிரியர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் அதையே கருவாக வைத்து ஒரு நாடகம் எழுதத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். கவிஞர் பீட்டர் ஆல்டன்பர்க்கும் லீனாவைக் கொண்டாடி எழுதினார். ஒருவருக்கு அறை, ஒருவருக்கு நாடகம், இன்னொருவருக்குக் கவிதை! அந்தப் பெண்ணுக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும் என்று அந்த மேசையில் எத்தனை பேர் நினைத்தார்களோ?

லீனா அமெரிக்கா போய் நடித்துவிட்டுத் திரும்பினார். 1907இல் வியன்னாவில் ‘ஃப்ளெடர்மௌஸ்’ காபரே திறந்தபோது அவரும் மேடையேறினார். காபரே என்றதும் நம் பழைய சினிமா நடனத்தை நினைத்துவிடாதீர்கள். கவிதை, குறுநாடகம், பாட்டு, அரசியல் நையாண்டி எல்லாம் ஒரே இரவில் அரங்கேறும் சிறிய அரங்கு அது. கட்டடக் கலைஞர் யோசஃப் ஹோஃப்மான் வடிவமைத்த அந்த நிலவறையில், மதுக்கூடச் சுவர் முழுக்க 7,000க்கும் மேற்பட்ட வண்ண ஓடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக. அங்கே ஆல்டன்பர்க்கின் வரிகளை லீனா பேசி நடித்தார். பின்னாளில் வியன்னாவின் பெரிய நாடக அரங்குகளிலும் நடித்தார். பத்திரிகைகளுக்குச் சிறு சித்திரங்கள் எழுதினார்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. லீனாவின் உயிர் நண்பர் எகோன் ஃப்ரீடெல், நாஜிகள் வாசலுக்கு வந்ததும் ஜன்னல் வழியே குதித்து இறந்தார். இன்னொரு நண்பர், நாடகாசிரியர் சோகோர் நாட்டைவிட்டே வெளியேறினார். லீனாவும் மேடையை விட்டு விலகினார்.

போர் முடிந்த பின் 1947இல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே ‘தலைப்பில்லாத புத்தகம்’ தான். காபிக் கடைக் குழந்தைப் பருவம், பெற்றோர், நண்பர்கள் என்று வாழ்ந்து பார்த்த கதைகள், ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம். சிகரெட் பெட்டிக் கதையும் அவர் வாயால் வருகிறது. எல்லோரும் எழுதிப் பார்த்த பெண், அறுபதைத் தாண்டிய வயதில் தன்னைத் தானே சொல்கிறார். புலம்பல் இல்லை, யாரையும் பழிக்கவில்லை, சிரிக்கவும் வைக்கிறார். என்னைக் கேட்டால் அந்த வெள்ளை அறையைவிட இந்தச் சிறிய புத்தகமே பெரிய படைப்பு. கடைசி ஆண்டுகளில் பெண்கள் அமைப்பிலும் சமாதான இயக்கத்திலும் உழைத்த லீனா, 1950 ஜூனில் காலமானார்.

அவர் மறைந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டதால் அந்த எழுத்துக்கு இன்று காப்புரிமைத் தடை இல்லை. ஜெர்மன் அறிந்த வாசகர்கள் யாரேனும் அதிலிருந்து இரண்டு மூன்று கதைகளை நேரடியாகத் தமிழில் பெயர்த்து அனுப்புங்கள். நம் இதழில் இடம் தரக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்