கோடில் வரும் பெயர் யாருடையது? ‘கிட் பிளேம்’ சொல்வதும் சொல்லாததும்!

“யாருப்பா இந்த வரியை எழுதினது?” கோடில் பிழை வந்தால் ஐடி டீமில் எழும் முதல் கேள்வி இது. பதில் தருவது, மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ மென்பொருளின் ‘பிளேம்’ வசதி.

என்ன புதுசு?

முன்பு இதற்கு டெர்மினல் அல்லது ‘கிட்லென்ஸ்’ போன்ற எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டது. 2025 தொடக்கத்தில், சோதனைக் கட்டம் தாண்டி மைக்ரோசாஃப்டின் ‘விஎஸ் கோடு’ எடிட்டரிலேயே வந்துவிட்டது. செட்டிங்கில் ஆன் செய்தால், கர்சர் நிற்கும் வரி அருகிலேயே பெயர் தெரியும்.

சிக்கல் எங்கே?

அது வரியைக் கடைசியாகத் தொட்டவர் பெயர். வெறும் ஸ்பேஸ் சரிசெய்தவர்கூட மாட்டிக்கொள்வார். பிழை செய்தவர் தப்பிவிடுவார்.

தீர்வு?

2019-ல் வந்த கிட் 2.23 முதல், இத்தகைய மாற்றங்களைப் பட்டியலிட்டு ஒதுக்கலாம். பெயரைப் பார்த்ததும் திட்டாதீங்க. மாற்றத்துக்கான குறிப்பையும் படிங்க!