மூன்று மாதத் தவணை

வர்த்தமானியை வரிவிடாமல் வாசிக்கும் பழக்கம் பத்திரிகைத் தொழில் எனக்குத் தந்த நோய்களில் ஒன்று. யாருக்கும் புரியாத சட்டத் தமிழில், எவருடைய வீட்டு முற்றத்தையோ எடுத்துக்கொள்ளும் செய்தி அங்கேதான் கிடக்கும். 2025 மார்ச் 28 ஆந் திகதி வெளியான காணி நிர்ணய அறிவித்தல் அத்தகையது.

வட மாகாணத்தில் சுமார் 5,940 ஏக்கர் அதில் அடக்கம். யாழ்ப்பாணமே பெரும்பங்கு. வன்னியில் முல்லைத்தீவு மாவட்டத்துக்கு 1,703 ஏக்கர், கிளிநொச்சிக்கு 515 ஏக்கர். உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வரவேண்டும். வராவிடின் அக்காணி அரச காணியாகப் பிரகடனப்படுத்தப்படலாம். எதிர்ப்பு எழுந்தது. சுமந்திரன் உயர் நீதிமன்றம் சென்றார். யூன் 27 அன்று, தவணை முடிவதற்கு முந்தைய நாள், நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் அறிவித்தலை மீளப்பெறும் முடிவுக்கு வந்தது.

அத்துடன் விடயம் முடிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிவித்தல்தான் போயிற்று, அதைப் பிறப்பித்த 1931 ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் அப்படியே இருக்கிறது.

அரசுக்காக வாதாடியோர் சொன்ன நியாயம் ஒன்று செவிக்கு இனிமையானது. இச்சட்டம் நாடு முழுவதற்கும் பொதுவானது, தெற்கிலும் இதன்கீழேதான் காணிகள் நிர்ணயிக்கப்பட்டன, வடக்குக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு என்றார்கள். உரித்தில்லாக் காணிக்கு உரித்து வழங்கத்தானே போகிறோம் என்றும் கேட்டார்கள். நல்ல கேள்வி. காலியில் தன் வீட்டில் குடியிருப்பவனுக்கு மூன்று மாதம் போதுமானதாக இருக்கலாம். வீடு, கச்சேரி, நொத்தாரிசு மூன்றும் எங்கும் போகவில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்தவருக்கு நடந்தது என்ன? 2009 மே வரை ஊர் ஊராகப் பெயர்ந்து, இறுதியில் முள்ளிவாய்க்கால் மணலில் எல்லாவற்றையும் விட்டு, கையில் பிள்ளையுடன் மெனிக் பாம் முட்கம்பிக்குள் சென்றவர்கள் அவர்கள். உறுதியைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக் காத்தவர்களும் உண்டு. அவர்கள் சிலர். மற்றவர்களின் உறுதி பதுங்குகுழியில் மக்கிப்போயிற்று. சில காணிகளுக்குரியவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே அவர் பிள்ளைகளுக்குத் தெரியாது. இறப்புச் சான்றிதழ் இல்லாதவருடைய காணிக்கு யார் உரிமை கோருவது? தமிழ்நாட்டு முகாமில் இருப்பவரும் ரொறன்ரோவில் இரவு வேலைக்குப் போகிறவரும் கொழும்பு வர்த்தமானியை எப்போது பார்ப்பர்?

இதில் வியப்பு என்னவென்றால், போர்க்காலத்தைக் காணிக்காரனுக்கு எதிராக எண்ணக்கூடாது என்பதை இதே அரசு முன்பு சட்டமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒருவன் காணியில் பத்து வருடம் இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பழைய விதி. ஆயுதப் போராட்டத்தால் தம் காணிக்கு வழக்குத் தொடர இயலாதிருந்தோர்க்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கலாகாதென 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அயலவன் காணியைப் பிடித்தால் இருபத்தாறு வருடம் கழிக்கப்படும். அரசே கைவைத்தால் மூன்று மாதம் தரப்படும். இவ்விரண்டும் ஒரே நாட்டின் சட்டங்கள்!

இந்த மனப்பாங்கு புதிதன்று. 1840 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாத காணியும் காடும் மறுதலை நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியவை என்றது. நிரூபிக்கும் பாரம் குடியானவன் தலையில். முடி போயிற்று, பாரம் போகவில்லை.

வன்னி மக்கள் அஞ்சுவது காரணமின்றி அல்ல. 1984 இல் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வெளியேற்றப்பட்டனர். மணலாறு வெலிஓயா ஆயிற்று. மகாவலி 'எல்' வலயம் வந்தது. போருக்குப்பின் திரும்பியவர்கள் தம் வயலில் வேறெவரோ விதைப்பதாக முறையிட்டனர். ஆளில்லாத காணி ஆளுக்காகக் காத்திராது என்பதை அவர்கள் வர்த்தமானி வாசித்து அறியவில்லை.

மாகாண சபையிடம் இதை ஒப்படைக்கலாமே என்பார்க்கு ஒன்று நினைவூட்டுவேன். வட மாகாணத்தின் முதல் தேர்தல் 2013 செப்டெம்பர் 21 இல் நடந்தது. ஐந்தே நாளில், 26 ஆந் திகதி, அரச காணி மத்திக்கே உரியதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதின்மூன்றாம் திருத்தம் சொன்ன தேசிய காணி ஆணைக்குழுவோ அமைக்கப்படவேயில்லை.

நம்மவரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 1977 கலவரத்துக்குப்பின் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி, வவுனியாவையும் கிளிநொச்சியையும் விளைநிலமாக்கிய குடும்பங்களில் பலவற்றுக்கு உறுதியும் இல்லை, அனுமதிப்பத்திரமும் இல்லை. 'எமது மண்' என்று மேடையில் முழங்குவோர் அவர்களுடைய பேர்மிட்டுக்காகப் பிரதேச செயலகத்தில் ஒரு நாள் வரிசையில் நின்றதை நான் கண்டதில்லை. 5,940 ஏக்கருக்காகக் குரல்கொடுத்த வாய்கள் அரை ஏக்கருக்காக ஏன் மூடிக்கொள்கின்றன? காணி நிர்ணயம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. இவர்களுக்கு அது வேண்டும், உடனே வேண்டும். கேட்பதெல்லாம் பாரத்தை இடம்மாற்றுங்கள் என்பதே. காணி தன்னுடையதென்று அரசு நிரூபிக்கட்டும். கிராம அலுவலர் மட்டத்தில், ஊர் முதியோர் முன்னிலையில் விசாரணை நடக்கட்டும். உறுதி இல்லாவிடத்து அயலவர் சாட்சியமும் பழைய வாக்காளர் இடாப்பும் ஏற்கப்படட்டும். காணாமற்போனவர் பெயரிலுள்ள துண்டுகளைத் தனியே பதிந்து பிள்ளைகளுக்காக வைத்திருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து இதை வாசிப்போர் இன்றிரவே அலுமாரியைத் திறந்து பாருங்கள். அப்பா கொண்டுவந்த பழைய கடதாசிக்கட்டில் உறுதியின் பிரதி, அளவைப்படம், வரிப் பற்றுச்சீட்டு, எதுவாயினும் ஒளிநகல் எடுத்து, ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். அடுத்த அறிவித்தல் எந்த வெள்ளிக்கிழமை வருமென்று எவரும் முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை.