மூலநிரல் கிடைக்கும், படிக்க ஆள் வேண்டும்

பெட்டியைப் பிரித்து ரேக்கில் மாட்டிய புது சர்வருக்கு மின் இணைப்பும் நெட்வொர்க் கேபிளும் கொடுத்தால் போதும். அதன் மதர்போர்டில் தனியாக ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. சர்வர் அணைந்து கிடந்தாலும் அது விழித்திருக்கும். ஐரானிக் என்ற மென்பொருள் அந்தக் குட்டிக் கணினியிடம் சொல்லி சர்வரை எழுப்புகிறது. நெட்வொர்க் வழியாக ஒரு சிறிய இயங்குதளத்தை அனுப்பி, ரேமிலேயே ஓடவிடுகிறது. எத்தனை டிஸ்க், எவ்வளவு ரேம் என்று அது கணக்கெடுக்கும். டிஸ்கில் பழைய தகவல் இருந்தால் அழிக்கும். அதற்குப் பிறகு அந்த சர்வர், கேட்பவருக்குக் கொடுக்கத் தயார். வேலை முடிந்து திரும்பி வந்தால் மறுபடியும் அழிப்பு, அடுத்தவருக்கு ஒதுக்கீடு. கையில் சிடியோடு யாரும் ரேக்குக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியதில்லை. மெய்நிகர் இயந்திரம் கேட்டால் நோவா என்ற இன்னொரு மென்பொருள் கொடுக்கும். முழு சர்வரையே கேட்டால் நோவாவுக்குப் பின்னால் இருந்து ஐரானிக் கொடுக்கும். கேட்கிற வாசல் ஒன்றுதான்.

இரண்டும், சொந்தமாகக் கிளவுட் அமைக்க உதவும் திறந்த மூலத் திட்டமான ஓப்பன்ஸ்டாக்கின் பிள்ளைகள். 2010 ஜூலையில் நாசாவும் டெக்சஸ் மாநிலத்தின் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து இதைத் தொடங்கின. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் நெபுலா திட்டத்துக்காக எழுதிய நிரல் நோவா ஆயிற்று. ராக்ஸ்பேஸ் தன் கோப்புச் சேமிப்புக்காக எழுதியது ஸ்விஃப்ட் ஆயிற்று. அப்பாச்சி உரிமம் என்பதால் யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம்.

திறந்த மூலம் என்றதும் பேச்சு உடனே மிச்சமாகும் பணத்துக்குத் தாவிவிடுகிறது. தவறு அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஓப்பன்ஸ்டாக் ஒரே மென்பொருள் அல்ல. அடையாளம் சரிபார்க்க கீஸ்டோன், நெட்வொர்க்குக்கு நியூட்ரான், டிஸ்குக்கு சிண்டர், இயங்குதளப் படிமங்களுக்கு கிளான்ஸ் என்று தனித்தனிச் சேவைகள். எல்லாவற்றையும் இணைக்க ஒரு தரவுத்தளமும் செய்தி வரிசையும். ‘மெஷின் கேட்டேன், வரவில்லை’ என்று ஒருவர் சொன்னால், எந்தச் சேவையின் லாக்கை முதலில் திறப்பது என்று தெரிந்த ஆள் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வேறு வருகிறது.

பணத்துக்கும் பெயருக்கும் குறைவில்லாதவர்களே இதில் கையைச் சுட்டுக்கொண்டார்கள். ஹெச்பி தன் பொது கிளவுடை 2016 ஜனவரியில் மூடியது. சிஸ்கோ 2017இல் தன் இன்டர்கிளவுட் சேவையை நிறுத்தியது. பெற்ற தாயான நாசாவே 2012இல் அமேசான் பக்கம் போய்விட்டது. ஊருக்கெல்லாம் விற்று அமேசானோடு போட்டியிட நினைத்தவர்களால் நிலைக்க முடியவில்லை. சொந்த வேலைக்காக எடுத்து, சொந்த ஆட்களை வைத்து நடத்தியவர்கள் நிலைத்தார்கள். எனக்குத் தெரிந்து அதற்குச் சிறந்த சாட்சி செர்ன்.

ஜெனிவா அருகே உள்ள அந்தத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில், 2013இல் பெரிய மோதுகருவியை மேம்படுத்துவதற்காக நிறுத்தியிருந்தார்கள். அது மறுபடி ஓடும்போது தகவல் பெருகும். கணினிகளும் பெருக வேண்டும். பணியாளர் எண்ணிக்கை மட்டும் கூடாது. அந்த ஜூலையில் ஓப்பன்ஸ்டாக் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதன் பொறுப்பில் இருந்த செயலி கோர்கள் சுமார் 3 லட்சம்.

செர்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. இரண்டு டிஸ்குகளில் ஒரே தகவலை எழுதிவைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். இதற்குத் தனி கன்ட்ரோலர் அட்டை வாங்காமல் மென்பொருளாலேயே செய்துகொள்வது செர்னின் வழக்கம். ஐரானிக்குக்கோ அப்போது அப்படி அமைக்கத் தெரியாது. செர்னின் பொறியாளர்கள் அந்த வசதியை எழுதி மூலத் திட்டத்துக்கே கொடுத்தார்கள். 2019 அக்டோபரில் வந்த பதிப்பில் அது சேர்ந்தது. தங்கள் சர்வர்களுக்கு மட்டும் ஒட்டுப்போட்டு வைத்திருக்கலாம். ஆனால் தனியே வைத்த ஒட்டை ஒவ்வொரு புதிய பதிப்பிலும் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். தைத்தவர் வேலையை விட்டுப் போனால் அந்த நிறுவனம் பழைய பதிப்பிலேயே மாட்டிக்கொள்ளும். மூலத்தில் சேர்ந்துவிட்டால் பராமரிப்பு எல்லோர் கைக்கும் வருகிறது. இன்று எங்கோ பத்து சர்வர் வைத்திருக்கும் ஒரு கல்லூரி ஐரானிக்கை நிறுவினால், செர்னின் அந்த உழைப்பும் கூடவே வந்து சேர்கிறது.

2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், மெய்நிகர் இயந்திர மென்பொருளை உரிமம் போட்டு விற்றுவந்த விஎம்வேரை வாங்கி முடித்தது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. ஏற்கெனவே நிரந்தர உரிமம் வாங்கியிருந்த ஏ.டி. அண்ட் டி. போன்ற பெருநிறுவனமே, ஆதரவுச் சேவை தொடர வேண்டும் என்று 2024இல் வழக்குப் போட வேண்டிவந்தது. அதற்குப் பிறகு ஓப்பன்ஸ்டாக்கைத் தேடி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் ‘உரிமத்தில் எவ்வளவு மிச்சம்?’ என்று மட்டும் கேட்டு வருகிறவர்கள், இன்னொரு நிறுவனத்திடம் முழு ஒப்பந்தத்தையும் கொடுத்துவிட்டு ஒதுங்குவார்கள். கடைசியில் வீட்டுக்காரர் மட்டும்தான் மாறியிருப்பார்.

மாற நினைக்கும் நிறுவனத் தலைவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உரிமத்துக்கு ஒதுக்கிய தொகையில் பாதியையாவது பொறியாளர் சம்பளமாக எழுதுங்கள், நிரந்தரப் பணியிடங்களாக. அவர்கள் செய்யும் திருத்தங்களை மூலத் திட்டத்துக்கு அனுப்பவும், அங்கே விவாதித்து ஏற்கவைக்கவும் வாரத்தில் ஒரு நாள் கொடுங்கள். அந்த ஒரு நாளை அலுவலக நேரத்திலேயே கொடுங்கள்.