ஒட்டாத டின்னும் மந்தாரை இலையும்

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சியில் கேக் டின்னைப் பற்றி ஒரு கட்டுரையா என நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். எங்கள் வீட்டில் கேக் என்பது பிறந்தநாள் ஆடம்பரமன்று. தறி ஓடாத நாட்களில் உலை ஏற்றும் தொழில்.

அப்பா பட்டு நெசவாளர். பாவு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்ய அம்மா அக்கம்பக்கத்தாருக்குக் கேக் செய்து கொடுக்கத் தொடங்கினார். முதலில் வந்த பணத்தில் ஆசையாய் வாங்கியது ஒரு நான்-ஸ்டிக் டின். கறுத்து மினுமினுத்தது, விலையும் மலிவு. சில மாதங்கள் நன்றாகவே உழைத்தது. பிறகு ஓரத்தில் பொரிந்தது. ஒருநாள் கேக்கின் அடியில் கரும்புள்ளிகளாய் உதிர்ந்து வந்தது. அந்தக் கேக்கை அம்மா விற்கவில்லை. முட்டை, மாவு, வெண்ணெய் அத்தனையும் நட்டம். "சரிகையைச் சுரண்டிப் பார்க்கிற வீட்டிலே, பூச்சுக்கு அடியில என்ன இருக்குன்னு பார்க்காம வாங்கிட்டோமே!" என்றார் அப்பா.

வேதியியல் பயிலும் என்னை அச்சொல் சிந்திக்கத் தூண்டிற்று. அந்தப் பூச்சு டெஃப்லான் எனப்படும் பொருள். 1938-இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்பவர் தற்செயலாகக் கண்டறிந்தது. 1950-களில் பிரான்சு நாட்டு மார்க் கிரேக்வார் அதனைச் சமையல் பாத்திரத்தில் ஏற்றினார். எதனோடும் ஒட்டாமையே அதன் சிறப்பு. அப்படியானால் உலோகத்தோடு மட்டும் அது எப்படி ஒட்டும்? உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல்தான் பிடிக்க வைக்கிறார்கள். தகடு மெலிந்திருந்தால் சூட்டில் நெளியும். நெளிய நெளியப் பிடி தளரும். கத்தியும் கம்பிநாரும் பட்டுவிட்டாலோ கேட்கவே வேண்டாம்!

வீண் அச்சம் ஊட்டுவது என் நோக்கமன்று. கேக் வேகும் 180 டிகிரி சூட்டில் அப்பூச்சு சிதைவதில்லை. 260 டிகிரியைத் தாண்டினால்தான் கெடத் தொடங்கும். ஆனால் ஓவன் இல்லாத நம் வீடுகளில் குக்கருக்குள் மணலையோ உப்பையோ பரப்பி அதன்மேல் டின்னை வைக்கிறோம். அங்கே சூடு எவ்வளவு என்று யார் அளந்தார்கள்?

இதற்கு விடை தேடி நான் நெடுந்தொலைவு போகவில்லை. நம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லியே விடை சொல்லிற்று. மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் அந்த மாவை மூங்கில் குடலையில் வார்த்து, நெடுநேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். மூங்கிலில் மாவு ஒட்டாதா? ஒட்டும். ஆகவே உள்ளே மந்தாரை இலையைப் பரப்புகிறார்கள். தாங்குவது குடலை, ஒட்டாமல் காப்பது இலை. இலை ஒருமுறைக்கு மட்டும். அடுத்த முறைக்குப் புது இலை. பாத்திரத்தின் ஆயுளை இலையின் ஆயுளோடு பிணைக்காத அறிவு அது!

நான்-ஸ்டிக் டின்னிலோ இரண்டும் ஒன்றாய்ப் பிணைந்துவிட்டன. பூச்சு போனால் டின்னே போயிற்று. ஆகவே, நெடுநாள் உழைக்க வேண்டுமெனில் பூச்சில்லாத, கனமான அலுமினிய டின்னே சிறந்தது என்பது என் துணிபு. கையில் எடுத்துப் பாருங்கள். கனம் தெரிய வேண்டும். இரு பக்கமும் பிடித்து அழுத்துங்கள், நெளியக்கூடாது. அடி சமமாக இருக்க வேண்டும். மந்தாரை இலைக்குப் பதிலாகப் பட்டர் பேப்பரை வெட்டி அடியில் இடுங்கள். பக்கங்களில் வெண்ணெய் தடவி மைதா தூவுங்கள்.

ஒவ்வொரு முறையும் இது கூடுதல் வேலைதானே என்பார்கள் சிலர். உண்மைதான். பூப்போல் நுணுக்கமான வேலைப்பாடுள்ள டின்களுக்குப் பேப்பர் ஒத்துவராது என்பதும் உண்மையே. அத்தகையோர் நான்-ஸ்டிக்கையே வாங்கட்டும். ஆனால் தகடு கனமானதாய்ப் பார்த்து வாங்கட்டும். கத்தியை விலக்கி, மென்துணியால் கழுவட்டும். கறுத்த டின்னில் அடி விரைவில் சிவக்கும் என்பதால் சூட்டைச் சற்றுக் குறைக்கட்டும்.

எங்கள் வீட்டு அலுமினிய டின்னுக்கு இப்போது இரண்டு வயது. ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது, மினுமினுப்பும் இல்லை. ஆனால் அதனால் ஒரு கேக்கும் வீணானதில்லை. சென்ற பருவத்தில் என் தேர்வுக் கட்டணமும் அதிலிருந்துதான் வந்தது.

தோழர்களே! சரிகையின் மின்னலை மட்டும் பார்த்துச் சேலை வாங்கும் ஊரன்று நம்முடையது. அந்தக் கண்ணோடு கொஞ்சம் சமையலறைக்குள்ளும் நுழைவோமே!