யந்திரம் மட்டும் போதாது!



2020-ல் கொரோனா பரவியபோது, உலகெங்கும் சர்க்கார்கள் வென்டிலேட்டர் யந்திரங்களின் எண்ணிக்கையைச் சொல்லியே மார்தட்டின. யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மூச்சுவிட முடியாதவனுக்கு அது உயிர்ப்பிச்சை. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியது. நூற்றுக்கணக்கான மருத்துவ மாணவர்கள் ஷிப்டு முறையில் அமர்ந்து, கையால் பையை அமுக்கி மூச்சளித்தார்கள். பலரைப் பிழைக்க வைத்தார்கள்.

ஆனால், உயிர் காக்கும் அதே யந்திரம் நுரையீரலைப் புண்ணாக்கவும் கூடும். எப்படி?

நாம் மூச்சு விடும்போது நெஞ்சு விரிந்து காற்றை இழுக்கிறது. யந்திரமோ கொல்லன் துருத்தியைப்போல் காற்றைத் தள்ளுகிறது. கடும் நிமோனியாவில் நுரையீரலின் பெரும்பகுதி நீர்கோத்து அடைபட்டுவிடும். மிச்சம் திறந்திருப்பது சின்னக் குழந்தையின் நுரையீரல் அளவுதான் இருக்கும். முழுக்காற்றையும் அதற்குள் திணித்தால் என்ன ஆகும்? நைந்த சைக்கிள் டியூபில் அளவுமீறிக் காற்றடித்த கதைதான்! மெல்லிய காற்றறைகள் இழுபட்டுக் கிழிகின்றன. மேலும் நீர் கசிகிறது. அந்தக் கேடு சிறுநீரகம் முதலிய உறுப்புகளையும் தாக்கலாம்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் இத்தகைய 861 நோயாளிகளிடம் நடந்த ஆராய்ச்சி 2000-ல் வெளிவந்தது. கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் காற்றுச் செலுத்தியவர்களில் 100-க்கு சுமார் 40 பேர் மாண்டனர். 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது மாண்டவர்கள் 31 பேர். புது மருந்து எதுவுமில்லை. அளவைக் குறைத்ததே மருந்து!

இங்கே கிலோ என்பது தராசு காட்டும் எடையல்ல. உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. உடம்பு பருத்தால் நுரையீரல் பருப்பதில்லை. ஆகவே முதலில் வேண்டியது ஒரு அளவுநாடா! ஆனால் நடப்பது என்ன? 50 நாடுகளில் எடுத்த கணக்கு 2016-ல் வெளிவந்தது. இத்தகைய நோயாளிகளில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோருக்கு 8 மில்லிலிட்டருக்கும் அதிகமாகவே செலுத்தியிருந்தார்கள்.

பணம் கொடுத்தால் யந்திரம் வரும். அழுத்தத்தை அளந்து, இரவெல்லாம் கண்விழித்துக் கவனிக்கும் நர்ஸ் ஒரே நாளில் வருவாரா? தறியை வாங்கிவிட்டு, ஓட்டத் தெரிந்த தொழிலாளியை அமர்த்தாவிட்டால் நூல் அறும். இங்கே அறுவது உயிர்!

ஆகவே, பயந்து யந்திரத்தை மறுக்காதீர்கள். உங்கள் உறவினர் அதில் கிடந்தால், "உயரம் அளந்தீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். யந்திரக் கணக்குச் சொல்லும் சர்க்காரிடம், அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். இரண்டும் நமது உரிமை.