கறளும் பூச்சும்

இங்கிலாந்தில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. கதவுகளின் கீழுள்ள தகடுகளே அதன் உறுதியைப் பெரிதும் தாங்குவன. கறள் பிடிப்பதும் அங்கேதான். விற்க முனைவோர் சிலர் அக்கறளின்மேல் புதுவர்ணம் பூசி விலையை உயர்த்துகின்றனர். இதைச் சாமர்த்தியம் என்பாருமுளர். நான் வஞ்சகம் என்பேன். வர்ணத்தை நம்பி வாங்குபவன் பணத்தோடு உயிரையுமன்றோ பணயம் வைக்கிறான்!

நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாதவன் நல்ல காருக்கும் நடுத்தர விலையே தருவான். அதனால் நல்ல கார்கள் சந்தையைவிட்டே அகலும் என்று பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970இல் விளக்கினார். எனவே, விற்பவர் காரைக் கழுவித் துடைக்கட்டும். திருத்தவேலைப் பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி அடுக்கட்டும். கறளையும் காட்டி, அதைத் திருத்தும் செலவைக் கழித்து விலை கூறட்டும். மறைக்க ஏதுமில்லாதவனுக்கே தன் விலையில் உறுதியாக நிற்கும் உரிமை உண்டு.